பந்து எப்படி விழ வேண்டும்

சிறு இஞ்சின்கள் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் டீசல், கிரீஸ், கறுப்புப் புகை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கேம் இஞ்சின் சமாச்சாரம். போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆடுகிற விளையாட்டைச் செய்கிறவர், படம் தெரிவது, சத்தம் கேட்பது, குதித்தால் கீழே விழுவது, சுவரில் மோதினால் நிற்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதற்குப் பெயர்தான் இஞ்சின். மூட்டையை வாங்கிக்கொண்டு போய் அதன்மேல் அவரவர் விளையாட்டைக் கட்டிக்கொள்வார்கள்.

அந்த மாதிரி மூட்டை கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இப்போது யானை இருக்கிறது. யானை என்பது ஒரு பெரிய கம்பெனியின் இஞ்சின். திறந்ததும் முதலில் அதன் முத்திரைப் படம் வராத விளையாட்டை இன்று காண்பது அபூர்வம். யானைக்கு அப்புறம் யார் என்று கேட்டால், தலையைச் சொறிந்துவிட்டு, தவளை என்று சொல்ல வேண்டும்.

தவளை, ஒரு வீட்டின் பின்னறையில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து செய்தது. அவர்களுடைய அம்மா அவர்களைப் பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவாள். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. முதன்முதலாக அதில் ஓடிய விளையாட்டில் ஒரு தவளை குதித்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குதிக்க வைத்தவன் சின்னவன். எது விழுந்தாலும், உருண்டாலும், துள்ளினாலும் அவன் எழுதியதுதான். ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தரையில் போட்டுப் போட்டுப் பார்ப்பான். வேலைவெட்டி இல்லாமல் வீட்டை இடிக்கிறான் என்று அம்மா கத்துவாள். பந்து நிற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு குட்டித் துள்ளல் துள்ளும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான துள்ளல். அதையும் விடாமல் தவளைக்குள் கொண்டுவந்துவிட்டான். இதையெல்லாம் எவன் கவனிக்கப்போகிறான் என்று பெரியவன் கேட்டான். நான் கவனிச்சேனே என்றான் சின்னவன்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு கம்பெனிக்காரர் வேலைக்கு ஆள் தேடினார். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் யானை படித்தவர்கள். தவளையா, அது என்னங்க என்று கேட்டார்கள். அவர் என்ன செய்வார், பெரியவனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்க என்றார். யானையைக் கற்றுக்கொள்ள வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் தீராத வீடியோப் பாடங்கள் உண்டு. தவளைக்கு நாலு உண்டு. அதிலும் ஒன்றில் அம்மா மிக்ஸி போட்டுவிட்டதால் ஒன்றும் கேட்காது. போன் கம்பெனிக்காரர்கள் புதுப் போன் விடும்போதெல்லாம் பழைய இஞ்சினில் ஏதாவது ஒன்று நின்றுபோகும். யானைக்கு அதைச் சரிசெய்ய ஒரு மாடி நிறைய ஆட்கள். தவளைக்குப் பெரியவன் ஒருவன், அவனும் மனிதன்தானே, தூங்கவும் வேண்டுமே.

சின்னவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது பெரியவனே சொல்லிவிட்டான். "நீ யானைக்குப் போயிடுடா. வீட்ல ஒருத்தனாவது ஒழுங்கா சம்பளம் வாங்கணும்." சின்னவன் ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுப் போனான். யானையிலும் அவனுக்கு விழுவது, துள்ளுவது பார்க்கிற பிரிவுதான். தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனாலும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிடுவான். சாப்பிட்டுக் கையைக் கழுவின கையோடு பின்னறைக்குள் புகுந்து, இதை ஏன் மாத்தின, அதை ஏன் தொட்ட என்று அண்ணனோடு மல்லுக்கு நிற்பான். அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை.

இந்த நிலைமையில் ஓர் அறிவிப்பு வந்தது. விளையாட்டு விற்கிற எல்லா ஆன்லைன் கடைகளும் சேர்ந்து, விளையாடுகிறவர்களின் நலன் கருதி, இனிமேல் முதலில் சொன்ன அந்த மன்றத்தில் பதிவு பெற்ற இஞ்சினில் செய்த விளையாட்டுகளை மட்டுமே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டன. யானை பதிவு பெற்றதா என்று கேட்கக்கூடாது. மன்றம் இருக்கிற கட்டடமே யானை கொடுத்தது. ஆக, பதிவு வாங்காவிட்டால் தவளை அத்தோடு காலி.

தவளைக்கு மிச்சம் இருந்த ஒரே வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயை இறுக மூடிக்கொள்கிற குழந்தைகளுக்காக, புழுக்களிடமிருந்து துள்ளித் துள்ளித் தப்பிக்கிற ஒரு பல்லை வைத்து அவரே ஒரு விளையாட்டு செய்திருந்தார். பல் குழியில் விழுந்து கடைசியாக ஒரு குட்டித் துள்ளல் துள்ளும்போது குழந்தைகள் சிரித்துவிடும். வாய் திறந்ததும் டாக்டரம்மா தன் வேலையைப் பார்த்துக்கொள்வார். அவரும் போன் போட்டு, எப்படியாவது பதிவு வாங்கிடுங்க, உங்களைத்தான் நம்பியிருக்கேன் என்றார்.

பெரியவன் மன்றத்துக்குப் போனான். செயலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். சுவர் முழுக்க வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள். இதுவரை மன்றம் பாதுகாத்த இஞ்சின்களாம். ஒவ்வொன்றின் கீழேயும் பிறந்த வருஷம், மறைந்த வருஷம். இதில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று பெரியவன் கேட்டுவிட்டான்.

"இப்போதைக்கு எதுவும் இல்ல" என்றார் செயலாளர். "அதனாலதான் உங்களை ரொம்ப எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம். சின்ன இஞ்சின்னு ஒண்ணு இல்லேன்னா எங்களுக்கு இங்க என்ன வேலை, நீங்களே சொல்லுங்க."

முதல் சோதனை அன்றைக்கே நடந்தது. ஓர் அதிகாரி தவளையைத் திறந்தார். தொட்டதும் திறந்துகொண்டது. அதிகாரி திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். பெரியவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அதில்தான் சிக்கல் வந்தது. இஞ்சின் திறந்துகொள்கிற நேரத்தில் அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டே அதன் நிறை குறைகளை விவாதிக்க வேண்டும் என்பது விதி. நேரமே எடுக்காவிட்டால் டீ கிடையாது, டீ இல்லாமல் விவாதம் கிடையாது, விவாதம் இல்லாமல் முடிவு எப்படி எடுப்பது? பெரியவன் வீட்டுக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் தவளை சும்மா காத்திருக்கும்படி ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தான். எழுதும்போது வெட்கமாக இருந்தது, யாரும் பார்க்கிறார்களா என்று கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த தடவை அதிகாரிகள் இரண்டு ரவுண்டு டீ குடித்தார்கள், முன்னேற்றம் தெரிகிறது என்று பாராட்டினார்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் உறவுக்கு ஒரு மேலாளர் வேண்டும் என்றார்கள். இருக்கிற ஒரு வாடிக்கையாளரோடு நானே பேசிக்கொள்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தான். கேட்கவில்லை. கடைசியில் அம்மாவை மேலாளர் ஆக்கினான். கழுத்தில் மாட்டிக்கொள்ள மன்றமே அட்டை கொடுத்தது. அம்மா அதை மாட்டிக்கொண்டு டாக்டரம்மாவோடு போனில் பேசினாள், தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி.

இதெல்லாம் போகட்டும். பெரிய சோதனை இனிமேல்தான். தவளையின் உள்ளே புகுந்து பார்த்து மதிப்பிட, விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். மன்றத்தில் விஷயம் தெரிந்தவர் யாரும் கிடையாது, அப்படி ஒரு பதவியே அங்கே இல்லை. வழக்கப்படி யானையிடம் ஆள் கேட்டார்கள். யானை விசாரித்துப் பார்த்ததில், தவளை என்றால் என்னவென்று தெரிந்த ஆள் கம்பெனி முழுக்க ஒருவன்தான் இருந்தான். சின்னவனை அனுப்பிவிட்டார்கள்.

மதிப்பிடுகிறவருக்கும் விண்ணப்பித்தவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது என்பது மன்றத்தின் உயிர்நாடியான விதி. அதற்கு உறவின்மை உறுதிமொழி என்று ஒரு சடங்கு உண்டு. இருவரும் எதிரெதிரே நின்று, முகத்தைப் பார்த்து, இவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் மூக்கைப் பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லவில்லை, மேலே நடக்கட்டும் என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சின்னவன் அண்ணனிடம், ஒரு நாள் கூத்துதானே, சொல்லித் தொலைச்சிடுவோம், உள்ள நான் இருந்தா தவளைக்கு நல்லதுதானே என்று சொல்லியிருந்தான். அதனால் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது ஏனோ இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

முழு மன்றமும் கூடிய அன்று திரையில் இரண்டு பந்துகளைப் போட்டுக் காட்டினார்கள், ஒன்று யானையின் பந்து, இன்னொன்று தவளையின் பந்து. யானையின் பந்து விழுந்து துள்ளிச் சட்டென்று நின்றது. தவளையின் பந்து நிற்பதற்கு முன்னால் அந்தக் குட்டித் துள்ளலைத் துள்ளியது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிழை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

பெரியவன் எழுந்து, தயவு செய்து ஒரு நிஜப் பந்தைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டான். ஊழியர் பொழுதுபோக்கு அறையிலிருந்து ஒரு ரப்பர் பந்து வந்தது. மன்றத் தலைவரே எழுந்து அதைத் தரையில் போட்டார். அது துள்ளியது, குறைந்தது, நிற்பது மாதிரி வந்து, கடைசியாக இன்னொரு தடவை லேசாகத் துள்ளிவிட்டு நின்றது. பெரியவன் தம்பியைப் பார்த்தான். தம்பி பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், முகம் மலர்ந்திருந்தது பாவம்.

தலைவர் கனைத்துக்கொண்டார். "இந்தப் பந்து எங்கேருந்து வந்ததுன்னு தெரியல. பதிவு பெற்ற பந்தா, அதுவும் தெரியல. அதை விட்டுடுவோம். உலகம் முழுக்க ஜனங்க இத்தனை வருஷமா யானையோட பந்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க. பந்துன்னா இப்படித்தான் விழும்னு அவங்க மனசுல பதிஞ்சுபோச்சு. அதைப் போய் நாம கலைக்கலாமா? போட்டி வேணும், நான் வேண்டாங்கல. போட்டிக்காகத்தானே இந்த மன்றமே இருக்கு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தானே போட்டி நியாயமா இருக்கும்?" எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ரப்பர் பந்தை ஆய்வுக்கு அனுப்புவது என்று தீர்மானம் ஆயிற்று.

பிறகு தலைவர், இந்த விழும் பகுதியை எழுதியவர் யார் என்று கேட்டார். சின்னவன் முகம் வெளுத்துவிட்டது. தான் எழுதியதைத் தானே மதிப்பிட வந்தவன் என்று தெரிந்தால் யானையில் அவன் வேலை அன்றைக்கே போய்விடும். அவன் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் முந்திக்கொண்டான்.

"நான்தாங்க எழுதினேன்."

மதிப்பீட்டாளர் தம் கருத்தைச் சொல்லலாம் என்றார் தலைவர். சின்னவன் எழுந்து நின்றான். "விண்ணப்பதாரருக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "விண்ணப்பதாரருக்குப் பந்து எப்படி விழும்னு தெரியலைங்க." சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மன்றம் பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. யானையின் விழும் பகுதியையே இலவசமாகத் தருகிறோம், அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் பதிவு உறுதி என்றார்கள். பெரியவன் வீட்டுக்கு வந்து தம்பி எழுதியதை வரிவரியாக எடுத்தான். அவ்வளவையும் எடுத்து, யானையுடையதை வைத்து முடித்த பிறகு தவளை ஒழுங்காகத்தான் ஓடியது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பின்னறையில் உட்கார்ந்து அழுதான். அம்மா கேட்டதற்குக் கண் எரிச்சல் என்றான்.

பதிவு வழங்கும் விழா நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் தவளையைப் பாராட்டினார்கள். யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை, நமது சிறு இஞ்சின் என்றே சொன்னார்கள். விழா முடிந்து படியிறங்கும்போது செயலாளர் அவன் தோளில் கை போட்டார். "ஒரு சின்ன விஷயம். அந்த உறுதிமொழி, பதிவு இருக்கிற வரைக்கும் செல்லும். நீங்களும் மதிப்பீட்டாளரும் பேசிக்கிட்டதா தெரிஞ்சா பதிவும் போயிடும், அவர் வேலையும் போயிடும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அண்ணன் தம்பி ஒளிந்து மறைந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். செயலாளர் வீடு சின்னவன் தெருவிலேயே இருந்தது, அதுவும் எதிர்வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா பழக்கத்தில் எல்லோருக்குமாகச் சமைத்துவிட்டாள். அதற்கப்புறம் குறைத்துக்கொண்டாள். சின்னவன் பெண்டாட்டி மட்டும் எப்போதாவது போன் போடுவாள். அம்மா எடுத்ததும், மன்னிக்கணும், ராங் நம்பர் என்பாள். அப்படியே குரலை இறக்கி, பாப்பாவுக்கு முன்பல் விழுந்துடுச்சு அத்தை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருப்பாள்.

பல் டாக்டரம்மா கொஞ்ச நாளில் கூப்பிட்டார். புதுத் தவளையில் பல் துள்ளுகிற விதம் மாறிவிட்டது, குழந்தைகள் சிரிக்க மாட்டேன் என்கின்றன என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. யானையிலயும் இப்படியேதான் விழுதாம். ரெண்டும் ஒண்ணுதான்னா, அங்க போனா சந்தேகம் கேக்க நாலு பேர் இருக்காங்க இல்லையா?" நியாயந்தான் டாக்டர் என்று பெரியவன் சொன்னான். வேறு என்ன சொல்வான்? பதிவு கையில் இருந்தது, தவளையைத் தொட உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

அடுத்த நாளே மன்றத்துக்குப் போனான். இஞ்சினை மூடிவிடுகிறேன், பதிவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். மனசுக்குள் ஒரே ஒரு கணக்குதான். தவளை போனால் போகட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான்.

செயலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவசரப்படாதீங்க. உங்க மதிப்பீட்டாளரை யானை எங்களுக்கே நிரந்தரமா கொடுத்துடுச்சு. அவரோட பழைய இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. இங்க இருக்கிற ஒரே சின்ன இஞ்சின் நீங்கதான். நீங்க மூடிட்டா மன்றத்தையும் மூடிடுவாங்க. எனக்கு என்ன, ரிட்டயர் ஆகப்போறேன். அவர் எங்க போவார்? யாரோ ஒருத்தர், எனக்கு என்னன்னு நீங்க கேட்டா சரிதான். இருந்தாலும் குழந்தை குட்டிக்காரர் பாருங்க."

பெரியவன் திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்து யாரும் தொடாத தவளையை அவன் தினமும் பராமரித்தான். புதுப் போன் வந்தால் அதற்கு ஏற்றபடி மாற்றினான். பிழை சொல்ல ஆள் இல்லாததால் தானே தேடித் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினான். தம்பி அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்குவதற்கு அண்ணன் இங்கே உட்கார்ந்து உழைத்தான். நன்றி சொல்லக்கூட வழியில்லை என்று தம்பி அங்கே புழுங்கியிருப்பான், அது பெரியவனுக்குத் தெரியாதா?

வருஷம் திரும்பியதும் மறு ஆய்வுக்கு அழைத்தார்கள். நிறுவன ஊழியர் அனைவரும் நேரில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அனைவரும் என்றால் பெரியவனும் அம்மாவும். அம்மா அன்று விடியும்போதே எழுந்து, இருப்பதில் நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டாள். என்ன ஆய்வு, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அங்கே சின்னவன் இருப்பான்.

இருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம், தலைவருக்குப் பக்கத்தில். சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கியது, காதோரம் நரைத்திருந்தது. உள்ளே நுழைந்த அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவன், செயலாளர் பார்ப்பதைக் கவனித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

பெரியவன் உறுதிமொழியைச் சொல்லி முடித்தான். உட்காரப் போகும்போது செயலாளர், மேலாளரும் சொல்ல வேண்டும் என்றார். பெரியவன் குறுக்கே வந்தான். வயதானவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டான். விதியில் வயதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். போனால் இன்றோடு தம்பி நடுத்தெருவில் நிற்பான். அம்மா அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து முன்னால் போனாள்.

"அவரைப் பார்த்து, இவரை எனக்குத் தெரியாதுன்னு மூணு தடவை சொல்லணும். அவ்வளவுதாம்மா" என்றார் செயலாளர்.

"சொன்னா இவர் வேலை நிலைக்குமா?" என்று அம்மா கேட்டாள். நிலைக்கும் என்றார்.

அம்மா சின்னவனைத் தலையிலிருந்து மேஜைக்கு மேல் தெரிந்த மட்டும் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். இவரை எனக்குத் தெரியாது என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை, தொங்கிக்கிடந்த அவன் சட்டைக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவரை எனக்குத் தெரியாதுங்க. என் புள்ள இவ்வளவு இளைச்சிருக்க மாட்டான்."

தலைவர் உறுப்பினர்களோடு கலந்து பேசினார். மூன்றாவது தடவையில் வாசகம் கொஞ்சம் நீண்டுவிட்டாலும் பொருள் மாறவில்லை, எனவே உறுதிமொழி ஏற்கப்படுகிறது என்றார். சின்னவன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தான். அம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், அவன் தலையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்து பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்ததும், மன்றம் தவளையை இன்னும் ஒரு வருஷத்துக்குப் பாதுகாத்தது.